எக்செல் கட்டங்களில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்தும் வெட்டுப்பட்டும் தெரிகின்றன, திங்கட்கிழமைக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும்

வைகைக்கரை | சனி, காலை 9.12

எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் 14 குழு, 186 உறுப்பினர்கள். கடன் விண்ணப்பத்துக்காக எல்லாருடைய பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், கதவு எண், ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் திங்கட்கிழமை காலை வங்கியில் கொடுக்க வேண்டும்.

என்னிடம் இரண்டு வகைக் கோப்பு இருக்கிறது. 10 குழுவின் விவரம் போனில் ஒரு செயலியில் பதிந்து சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் எழுத்து) கோப்புகளாக இறக்கியது. மீதி 4 குழு, பழைய கம்ப்யூட்டரில் இருந்த கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த சிஎஸ்வி.

போன் கோப்பை எக்செல்லில் திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ‘ஏ’, அதே ‘ஆர்’ என்று வரிசையாக வருகிறது. ஆதார் எண் ஓர் இலக்கத்தில் தொடங்கிப் புள்ளி வைத்து ‘இ+11’ என்று முடிகிறது. 12/3 என்ற கதவு எண் ‘12-மார்’ ஆகிவிட்டது.

பழைய கோப்பில் எல்லாமே ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. பாமினி எழுத்துரு போட்டால் தமிழ் வருகிறது, ஆனால் சில பெண்களின் பெயர் மட்டும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப் போய், முதல் எழுத்தும் காணாமல் போயிருக்கிறது.

லதா, விஜயா, நிர்மலா என்று எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். கட்டத்தை அகலமாக்கியும் பார்த்தேன். யாராவது வழி சொல்லுங்கள்.

---

பேரேடு | சனி, காலை 9.31

அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தக் கோப்புகளை எக்செல்லில் திறந்த பிறகு ‘சேவ்’ கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் இனியும் கொடுக்காதீர்கள். அப்படியே மூடிவிட்டு, எல்லாக் கோப்புக்கும் நகல் எடுத்து வேறொரு ஃபோல்டரில் வையுங்கள்.

31 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். கட்டத்தில் தெரிவது வேறு, கட்டத்துக்குள் இருப்பது வேறு. உள்ளே சரியாக இருந்து வெளியே தப்பாகத் தெரிந்தால் அஞ்சு நிமிஷ வேலை. உள்ளேயே கெட்டுவிட்டால் எந்த எழுத்துருவாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. எது எதுவென்று தெரியாமல் கையை வைத்தால் நல்லதும் கெடும்.

இப்போது போன் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். அதில் பெயரும் ஆதாரும் எப்படித் தெரிகின்றன?

---

வைகைக்கரை | சனி, காலை 9.50

சார், நோட்பேடில் பெயரெல்லாம் அழகாகத் தமிழில் இருக்கிறது! ஆதார் 12 இலக்கமும் முழுசாக இருக்கிறது. கதவு எண்ணும் 12/3 என்றே இருக்கிறது. இப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால் நேற்று இரவு 2 குழுவுக்கான கோப்பில் மட்டும் சேவ் கொடுத்துவிட்டேன். அதை நோட்பேடில் திறந்தால் ஆதார் இடத்தில் ‘இ+11’தான் இருக்கிறது.

---

பேரேடு | சனி, காலை 9.58

அந்த 2 குழுவுக்கு அந்தக் கோப்பைக் கைவிட்டுவிடுங்கள், போனிலிருந்து மறுபடி இறக்குங்கள். சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது எக்செல் கட்டத்தின் முகத்தைத்தான் எழுதும், உள்ளே இருந்த 12 இலக்கத்தை அல்ல. திரையில் சுருங்கித் தெரிந்தது கோப்பிலும் சுருங்கியே போய்விட்டது.

---

கீற்று | சனி, காலை 10.20

அக்கா, அந்த ‘ஏ’யும் ‘ஆரும்’ ஏன் வருகின்றன என்று சொல்கிறேன், தெரிந்துகொண்டால் அடுத்த முறை பார்த்தவுடனே பிடிபடும்.

உங்கள் போன் கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடத்தின் காரணமாக, 3-ல் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டே வகை. சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக்கில் திறந்தால், ‘நான் யூடிஎஃப்-8’ என்று சொல்லும் அடையாளம் கோப்பின் தலையில் இல்லாதவரை, எக்செல் அதைப் பழைய மேற்கத்திய எழுத்து முறை என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. முதல் பைட்டுக்கு அங்கே கோடு போட்ட ‘ஏ’, இரண்டாவதுக்குப் பெரும்பாலும் வட்ட ‘ஆர்’. அதனால்தான் எந்தத் தமிழ்ப் பெயரும் ஒரே மாதிரிக் குப்பையாகத் தெரிகிறது. இது எழுத்துருக் கோளாறு இல்லை. எத்தனை எழுத்துரு மாற்றினாலும் ‘ஏ’ ‘ஏ’யாகத்தான் இருக்கும்.

வழி இது. வெற்று எக்செல் தாள் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். மேலே ‘டேட்டா’ போய் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ என்பதை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். வரும் சிறு சாளரத்தில் ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்று வையுங்கள். வைத்தவுடனே கீழே தமிழ் தெரியும். அதே சாளரத்தில் ‘டேட்டா டைப் டிடெக்ஷன்’ என்று இன்னொன்று இருக்கும். அதை ‘டு நாட் டிடெக்ட்’ என்று மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தமிழ் சரியாகி, ஆதாரும் கதவு எண்ணும் மறுபடி கெடும். பிறகு ‘லோட்’.

வேலை முடிந்ததும் எக்செல் கோப்பாகவே சேமியுங்கள். சிஎஸ்வி-தான் வேண்டும் என்று யாராவது கேட்டால், பட்டியலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ‘சிஎஸ்வி’ கொடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும், அதை மீட்க வழியே கிடையாது.

---

வைகைக்கரை | சனி, காலை 11.05

தம்பி, 10 குழுவும் வந்துவிட்டது! பெயர், ஆதார் எல்லாம் சரி. ரொம்ப நன்றிப்பா.

இன்னொரு சந்தேகம். எங்கள் அலுவலகப் பிள்ளை ஒருத்தி நேற்றே 3 குழுவின் கதவு எண்களையும் வங்கிக் கணக்கு எண்களையும் தனித் தாளில் நேரடியாக எக்செல்லில் தட்டி வைத்திருந்தாள். அதில் ‘12-மார்’ என்று இருந்த கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினேன். 12/3 வரும் என்று பார்த்தால் 45728 என்று வந்து நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது?

---

பேரேடு | சனி, காலை 11.22

அது தேதியின் உள் எண் அம்மா. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. 45728 என்றால் 2025 மார்ச் 12. தட்டிய அந்த நொடியிலேயே கதவு எண் தேதியாகிவிட்டது. நீங்கள் ‘டெக்ஸ்ட்’ ஆக்கியதும் வேஷம் கலைந்து உள் எண் வெளியே வந்தது, அவ்வளவுதான். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ ஆக்கியிருக்க வேண்டும். அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட்டுத் தட்ட வேண்டும், அது கட்டத்தில் தெரியாது, அச்சிலும் வராது.

எல்லாக் கதவு எண்ணும் கெடாது, அதுதான் இதில் ஆபத்து. 45/2 பிழைத்துக்கொள்ளும். 12/3 தேதியாகும். 3/47 என்று ஒரு வீடு இருந்தால் அது ‘மார்-47’ என்று மாதமும் வருஷமும் ஆகிவிடும். பட்டா நகலில் உள்ள சர்வே எண்களுக்கும் இதே கதிதான். நூறு வரியில் பத்து வரி மட்டும் மாறியிருந்தால் கண்ணில் படாது. அந்த 3 குழுவையும் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு மறுபடி தட்டச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு எண்ணை இன்னும் கவனமாகப் பாருங்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஆதாருக்கு 12 இலக்கம் என்பதால் முகம் மட்டும்தான் சுருங்குகிறது, உள்ளே முழுசாக இருக்கும். ஃபார்மட்டை ‘நம்பர்’, தசமம் 0 என்று வைத்தால் திரும்ப வரும். கணக்கு எண் அப்படி வராது. அந்தப் பிள்ளை தட்டிய தாளில் 16 இலக்கம் இருந்து பூஜ்யத்தில் முடிகிற ஒவ்வொன்றையும் பாஸ்புக்கோடு சரிபாருங்கள். கடன் பணம் போய்ச் சேர வேண்டிய எண் அது.

---

கீற்று | சனி, காலை 11.40

சார் சொன்னதோடு ஒன்று. புது எக்செல்லில் ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘டேட்டா’ பகுதியில், தானாக மாற்றும் பழக்கத்தை நிறுத்த 2023-லிருந்து சில டிக் பெட்டிகள் வந்திருக்கின்றன. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எடுப்பது, நீள எண்ணை ‘இ’ போட்டுச் சுருக்குவது இவற்றை அங்கே நிறுத்தலாம். ஆனால் சாய்கோடு போட்ட கதவு எண்ணுக்கு அதை நம்ப வேண்டாம். நெடுவரிசையை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ ஆக்குவதுதான் கைகண்ட வழி.

---

வடமராட்சி | சனி, பிற்பகல் 1.15

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். எங்கட பக்கம் பாமினி இப்பவும் நிறையப் புழங்குது, அதால உங்கட இரண்டாவது கோப்பு எனக்கு நல்லாப் பழகின சங்கதி.

ஒண்டு கேக்கிறன். முதல் எழுத்துக் காணாமல் போய் அடுத்த கட்டத்துக்குத் தள்ளுப்பட்ட பெயர்கள் எல்லாம் ‘இ’-யில தொடங்கிறவையோ? இந்திரா, இராணி, இலட்சுமி எண்டு?

---

வைகைக்கரை | சனி, பிற்பகல் 1.32

ஆமாம் தங்கச்சி!! இந்திரா, இந்திராணி, இருளாயி, இலஞ்சியம். பதினொரு பேர், அத்தனையும் ‘இ’. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

---

வடமராட்சி | சனி, பிற்பகல் 2.04

பாமினி உண்மையில தமிழ் எழுத்து இல்லை அக்கா. உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துகள், அதுகளுக்குத் தமிழ் உருவம் போட்டு வைச்சிருக்கு. ‘அம்மா’ எண்டு தெரியிற இடத்தில உள்ள கிடக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். மேலுள்ள புள்ளிக்குத்தான் அந்த அரைப்புள்ளி. அதே மாதிரி ‘இ’ எண்ட எழுத்துக்குப் பாமினியில இருக்கிறது காற்புள்ளி, கமா!

சிஎஸ்வி கோப்பில கட்டத்தைப் பிரிக்கிறதும் கமாதானே. உங்கட பழைய மென்பொருள் பெயருகளை மேற்கோள் குறிக்குள்ள போடாமல் அப்படியே எழுதியிருக்கு. எக்செல் அந்த ‘இ’-யைக் கண்டதும் கட்டம் முடிஞ்சுது எண்டு நினைச்சு வெட்டியிருக்கு. அதால பெயர்க் கட்டம் வெறுமையாய்க் கிடக்கும், அடுத்த கட்டத்தில ‘ந்திரா’ நிக்கும், அந்த வரியில மிச்சம் எல்லாம் ஒவ்வொரு கட்டம் வலப்பக்கம் தள்ளுப்பட்டிருக்கும். கணவர் பெயரிலயோ தலைப்பெழுத்திலயோ ‘இ’ இருந்தாலும் இதே பிரச்சினைதான், அதையும் ஒருக்காப் பாருங்கோ.

பதினொரு வரிதானே. கையால ஒவ்வொரு வரியையும் இடப்பக்கம் இழுத்து, பெயருக்கு முன்னால கமாவைப் போட்டு விடுங்கோ. பாமினி எழுத்துருவில அது ‘இ’-யாய் வந்து நிக்கும்.

அதுக்குப் பிறகு பாமினியை யூனிகோடுக்கு மாத்தாமல் வங்கிக்குக் குடுக்காதேங்கோ. அவையின்ர கணினியில அந்த எழுத்துரு இல்லாட்டி வெறும் ஆங்கில எழுத்துத்தான் தெரியும். மாத்திறதுக்கு பொங்குதமிழ் மாதிரி இணையத்திலயே இலவச மாற்றிகள் இருக்கு. ஆனால் முழுத் தாளையும் ஒரேயடியாய் ஒட்டாதேங்கோ. பெயர் நெடுவரிசையை மட்டும் எடுத்து மாத்தி, திரும்ப அதே இடத்தில ஒட்டுங்கோ. ஆங்கிலத்தில உள்ள தலைப்பையோ வங்கிக் கிளைப் பெயரையோ மாற்றிக்குள்ள போட்டால் அதுவும் விளங்காத தமிழாய் வந்திடும்.

இன்னொரு காரணமும் இருக்கு, பாமினியில வைச்சுக்கொண்டு பெயர் தேடக் கூடாது. ஒற்றைக் கொம்புக்கு சின்ன ‘என்’, இரட்டைக் கொம்புக்குப் பெரிய ‘என்’. பெயரை வைச்சுத் தேடி விவரத்தை எடுக்கிற எக்செல்லின்ர வீலுக்அப் சூத்திரம் சின்ன எழுத்து பெரிய எழுத்து எண்டு வேறுபாடு பாக்காது. அதால ‘தென்’னும் ‘தேன்’னும் அதுக்கு ஒண்டுதான். நான் ஒரு தவணை புள்ளிப் பட்டியலில (மார்க் லிஸ்டில) ஒரு பிள்ளையின்ர புள்ளியை இன்னொரு பிள்ளைக்குப் போட்டிட்டன், இதாலதான். ரெண்டு பேரின்ர பெயரிலயும் கொம்பு மட்டும்தான் வித்தியாசம். அண்டையில இருந்து பாமினிப் பட்டியல் எது வந்தாலும் முதல் வேலை மாத்திறதுதான்.

---

வைகைக்கரை | சனி, மாலை 5.40

மாற்றிவிட்டேன். 186 பெயரும் ஒரே தாளில் யூனிகோடில். தங்கச்சி, நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பதினொரு பேரையும் புதிதாகத் தட்டியிருப்பேன், ஏன் என்றே தெரிந்திருக்காது.

இப்போது கடைசித் தொல்லை. பெயர்களில் மேல்புள்ளியும் ‘கி’ ‘கீ’ சுழியும் மேலே வெட்டுப்படுகின்றன. ‘கு’, ‘மு’ வால் கீழே வெட்டுப்படுகிறது. நீளமான பெயர்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. அச்சுக் கொடுத்தால் திரையை விட மோசம்.

---

நெல்லை_அச்சு | சனி, இரவு 7.10

அக்கா, இது எங்க வேலை. பதினெட்டு வருஷமா அழைப்பிதழ், வாக்காளர் பட்டியல், வரவு செலவு அச்சடிக்கோம்.

உங்க கட்டத்துல எழுத்துரு என்னன்னு பாருங்க. காலிப்ரின்னு இருக்கும். காலிப்ரியில தமிழ் எழுத்தே கிடையாது. விண்டோஸ் வேற எழுத்துருவுல இருந்து தமிழைக் கடன் வாங்கிக் காட்டுது, வரிசை உயரம் மட்டும் காலிப்ரி 11-க்கு உள்ள 15 பாயின்ட்ல நிக்கி. ஆங்கிலத்துக்கு அது போதும். நம்ம எழுத்துக்கு மேல சுழியும் புள்ளியும், கீழ வாலும் இருக்கே, அதுக்கு அந்த உயரம் பத்தாது.

அதனால முதல்ல தாள் முழுசையும் தெரிவு பண்ணி நிர்மலா யுஐ போடுங்க. அப்புறம் ‘ஃபார்மட்’ போய் ‘ஆட்டோஃபிட் ரோ ஹைட்’ கொடுங்க. யாராவது ஏற்கெனவே வரிசையைக் கையால இழுத்து வச்சிருந்தா அது தானா வளராது, அதான் இதைக் கொடுக்கச் சொல்லுதேன். பெயர் நெடுவரிசைக்கு ‘ரேப் டெக்ஸ்ட்’ போட்டா நீளப் பெயர் ரெண்டு வரியா மடங்கும். செங்குத்துல ‘சென்டர்’ வைங்க, ‘பாட்டம்’ல இருந்தா வால் கோட்டுல உரசும்.

பாதியில நிக்கிற பெயருக்குக் காரணம் பக்கத்துக் கட்டம். அது காலியா இருந்தா எழுத்து அதும் மேல வழிஞ்சு தெரியும், ஏதாவது இருந்தா வெட்டிரும். சில நேரம் காலி மாதிரித் தெரியும், உள்ள ஒரு இடைவெளியோ, வெறுமையைக் கொடுக்கிற சூத்திரமோ இருக்கும். அப்பவும் வெட்டும்.

அச்சுக்கு: திரையில சரியா இருக்கிறது அச்சுல கொஞ்சம் மாறும், எழுத்தோட அளவைப் பிரிண்டர் வேற மாதிரி எடுத்துக்கிடும். அதனால ஆட்டோஃபிட் கொடுத்த பிறகு எல்லா வரிசையையும் பிடிச்சு ரெண்டு மூணு பாயின்ட் கூட்டி விடுங்க. ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்துப் பாத்துட்டு மிச்சத்தைக் கொடுங்க, தாள் வீணாகாது.

குழுத் தலைப்பு வரியை நடுவுல வைக்கணும்னா அஞ்சு கட்டத்தையும் ‘மெர்ஜ்’ பண்ணிருங்க, பாக்க லட்சணமா இருக்கும்.

---

பேரேடு | சனி, இரவு 7.45

தம்பி சொன்னதெல்லாம் சரி, கடைசி வரி மட்டும் வேண்டாம் என்பேன். கட்டங்களை இணைத்துவிட்டால் அந்த வரியில் ஆட்டோஃபிட் வேலை செய்யாது, தலைப்பே வெட்டுப்படும். பெயர்வாரியாக வரிசைப்படுத்தவும் விடாது. வங்கிக்காரர் வடிகட்டிப் பார்க்க வேண்டிய பட்டியல் இது. ‘ஃபார்மட் செல்ஸ்’ உள்ளே ‘அலைன்மென்ட்’டில் ‘சென்டர் அக்ராஸ் செலக்ஷன்’ என்று ஒன்று இருக்கிறது. பார்வைக்கு இணைத்தது போலவே நடுவில் வரும், கட்டங்கள் தனித்தனியாகவே இருக்கும்.

---

நெல்லை_அச்சு | சனி, இரவு 8.02

சரியாச் சொன்னீங்க சார். நாங்க அச்சோட நின்னுருவோம், பட்டியலை யாரும் வடிகட்டிப் பாக்கிறதில்ல. இதுக்கு நீங்க சொன்ன வழிதான் நல்லது.

---

வைகைக்கரை | ஞாயிறு, காலை 10.30

அச்சு சுத்தமாக வந்துவிட்டது. ‘மு’ வால் முழுசாக இருக்கிறது!

16 இலக்கக் கணக்கு எண் பூஜ்யத்தில் முடிந்தவை 9. பாஸ்புக்கைப் பார்த்ததில் 7 தப்பு. சார், நினைத்தால் கை நடுங்குகிறது. ஏழு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

ஒரே ஒரு பெயர் இன்னும் மல்லுக்கு நிற்கிறது. சேமிப்புத் தாளிலிருந்து தொகையை வீலுக்அப் வைத்து எடுத்தேன். கௌசல்யா என்ற உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று வருகிறது. இரண்டு தாளிலும் பெயர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது.

---

கீற்று | ஞாயிறு, காலை 10.52

அக்கா, இரண்டு தாளிலும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘லென்’ சூத்திரம் போட்டு நீளத்தைப் பாருங்கள். ஒன்றில் 7, மற்றதில் 8 வரும் என்று நினைக்கிறேன்.

‘கௌ’ என்பதில் க-வுக்குப் பிறகு ஔகாரக் குறி ஒன்றுதான் இருக்க வேண்டும். பலரும் ஒற்றைக் கொம்பையும் ‘ள’ எழுத்தையும் தனித்தனியாகத் தட்டி ‘கெள’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்று, எக்செல்லுக்கு இரண்டு வேறு பெயர்.

எல்லாவற்றுக்கும் நீளம் சரியாக இருந்தும் பொருந்தாத பெயர் ஏதாவது இருந்தால் ‘ஸ்ரீ’ இருக்கிறதா என்று பாருங்கள். அதை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், ‘ஶ’ வைத்தும் எழுதலாம், திரையில் வரும் உருவம் ஒன்றுதான். ‘யூனிகோட்’ சூத்திரம் போட்டால் முதல் எழுத்துக்கு ஒன்றில் 3000, மற்றதில் 2998 என்று வரும். நீளம் ஒன்று கூடுதலாக இருந்து எழுத்தும் சரியாக இருந்தால் கடைசியில் இடைவெளி ஒட்டியிருக்கும், ‘ட்ரிம்’ போட்டால் போய்விடும். இணையப் பக்கத்திலிருந்து வந்து ஒட்டிய இடைவெளி மட்டும் ட்ரிம்முக்குப் போகாது. அது 160-ஆம் எண் இடைவெளி, ‘சப்ஸ்டிட்யூட்’ வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

---

வைகைக்கரை | ஞாயிறு, காலை 11.18

7, 8. அதேதான் தம்பி! திருத்தினேன், 2,400 ரூபாய் வந்து உட்கார்ந்தது. ‘கெள’ என்று தேடியதில் கௌரி ஒருத்தியும் அப்படியே கிடந்தாள், அவளையும் சரி பண்ணிவிட்டேன். ஸ்ரீதேவி, ஸ்ரீரங்கம்மாள் இரண்டு பேருக்கும் 3000-தான் வருகிறது.

186 வரியும் அச்செடுத்துக் குழுத் தலைவிகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் ஒவ்வொருத்தியும் தன் பெயரையும் கணக்கு எண்ணையும் பாஸ்புக்கோடு பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு வங்கிக்குக் கொண்டு போகிறேன்.